கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் உப்புப் படிவைத் தடுக்கும் வகை

கடற்கரையோரக் கிராமங்களின் தண்ணீர்க் குறை விசித்திரமானது. கண்ணுக்கெட்டிய தூரம் நீர் பரந்து கிடக்க, குடிப்பதற்கு ஒரு குடம் நீரைத் தேடி இரண்டு மூன்று மைல் நடந்த நாட்களை அவ்வூர்ப் பெண்மணிகள் இன்றும் மறக்கவில்லை. கிணறு தோண்டினால் உவர். ஆழத் தோண்டினால் அதனினும் உவர். மழை பெய்தால் ஊருணியில் தேங்கும் நீரும், மணலில் பறித்த ஊற்றில் கசியும் நீருமே அவர்களுக்குக் கதியாக இருந்தன.

இக்குறையைத் தீர்க்க விஞ்ஞானம் கண்ட வழிகளுள் ஒன்று, கடல்நீரையும் உவர்நீரையும் நன்னீராக்கும் ஆர்.ஓ. முறையாகும். இராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. சென்னை நகரத்தின் பொருட்டு, வடக்கே காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டிலும், தெற்கே நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும், தலா 10 கோடி லிட்டர் அளவுள்ள நிலையங்கள் தொடங்கப்பெற்றன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் அளவுள்ள மற்றொரு நிலையம் 2024ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. இவையன்றி, கடலோரக் கிணற்றின் உவர்நீரைக் கொண்டு இயங்கும் சிறு நிலையங்களைப் பல பஞ்சாயத்துகள் தாமே நடத்தி வருகின்றன.

நிலையத்தை அமைப்பதில் நாம் காட்டும் ஆர்வத்தை, அமைத்தபின் அதைப் பேணுவதில் காட்டுகிறோமா என்பதே கேள்வி. இந்நிலையங்களுக்கு நேரும் நோய்களுள் முக்கியமான ஒன்று உப்புப் படிவு. அது வந்தபின் தீர்ப்பது கடினம். வராமல் தடுப்பதோ எளிது. அவ்வெளிய வழியைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு கிராமத்தின் அனுபவம்

நான் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பஞ்சாயத்து யூனியனில் கடலையடுத்த ஒரு கிராமம். அங்கு மணிக்கு 1,000 லிட்டர் நன்னீர் தரும் சிறு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. கிணற்று நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6,000 மில்லிகிராம் உப்பு. நிலையத்துக்குள் செல்லும் நீரில் பாதி நன்னீராக வெளிவரும். மறுபாதி, எல்லா உப்பையும் சுமந்துகொண்டு கழிவாக ஓடும். ஊர் மக்கள் மகிழ்ந்தனர். இனி வேண்டியதில்லை என்று பழைய மணல் ஊற்றுகளைக் கவனியாது விட்டனர், அவை தூர்ந்துபோயின.

சில மாதம் கழித்துப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், “பாதித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறதே, மின்சாரக் கட்டணம் முழுவதையும் நாம்தானே கட்டுகிறோம்?” என்று கேட்டார். கேள்வி நியாயமாகவே தோன்றிற்று. கழிவு நீர் வால்வைச் சற்று இறுக்குமாறு இயக்குநருக்குச் சொல்லப்பட்டது. இறுக்கினார். நன்னீர் அதிகமாயிற்று, கழிவு குறைந்தது. அனைவரும் திருப்தியடைந்தோம்.

அதே சமயத்தில், நிலையத்துக்கு வேண்டிய படிவுத் தடுப்பு மருந்துக்கான பட்டியல் ஒன்று என் மேஜைக்கு வந்தது. ‘குடிநீரில் இரசாயனம் எதற்கு? இச்செலவின் அவசியத்தை விளக்குக’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நானே. விளக்கம் வந்து, மீண்டும் கேள்வி போய், பட்டியல் பாஸாவதற்கு இரண்டு மாதங்கள் கழிந்தன. அதுவரை அந்த ஏழை இயக்குநர், மருந்துப் பம்பு வெறுமையாக ஓடலாகாதென்று, மருந்துக் கேனில் வெறும் நீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார். இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை, கேட்பாரும் இல்லை.

நான்காம் மாதம் நன்னீர் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பின்னர் அந்த நீரும் உவர்த்தது. நான் நேரில் சென்றபோது ஒரு மூதாட்டி, “ஐயா, மிஷினை நம்பி ஊற்றைத் தூர விட்டுட்டோமே, இனி எங்கே போய் மொள்ளுவது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. பொறியாளர் வந்து, கடைசிக் குழலினுள் இருந்த சவ்வுச் சுருளை எடுத்து அறுத்துக் காட்டினார். உள்ளே வெண்மையான காரை படிந்திருந்தது. தொட்டால் உப்புத்தாள் போல் சொரசொரத்தது. அதன்மேல் ஒரு துளி நீர்த்த அமிலத்தை விட்டார். நுரைத்துப் பொங்கிற்று. “இது சுண்ணாம்பு, வால்வை இறுக்கியதாலும் மருந்து நின்றதாலும் வந்தது” என்றார். அன்றே இது பற்றிப் படிக்கவும் கேட்டறியவும் தொடங்கினேன்.

ஆர்.ஓ. என்பது யாது?

நார்த்தங்காயை அரிந்து உப்பிட்டு வைத்தால் சிறிது நேரத்தில் அது நீர் விடுகிறது. காயினுள் இருக்கும் நீர், தோலையும் சதையையும் கடந்து, உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி வருகிறது. மெல்லிய சவ்வு ஒன்று இடையில் இருக்குமானால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்வது இயற்கை. இதனைச் சவ்வூடுபரவல் என்பர். உப்பு மிகுந்த பக்கத்தில் பெரும் அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடுபரவல். இதன் ஆங்கிலச் சுருக்கமே ஆர்.ஓ. என வழங்குகிறது.

இம்முறையைக் காரியத்துக்கு உதவும்படி செய்தவர்கள், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டையொட்டி ஆராய்ச்சி செய்த சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் ஆவர். 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூரில் உவர் நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் நிலையம் இம்முறையில் இயங்கலாயிற்று.

கடல்நீரின் இயல்பான எதிர்ப்பை வெல்வதற்கே காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு அழுத்தம் தேவை. நடைமுறையில் 55 முதல் 70 மடங்கு வரை கொடுக்கப்படுகிறது. லாரிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைவிட இது ஏழெட்டு மடங்கு அதிகம். மெம்பரேன் என்று இயக்குநர்கள் வழங்கும் சவ்வு, பாய் சுருட்டியதுபோல் சுருளாகச் சுற்றிக் குழலுக்குள் வைக்கப்பட்டிருக்கும். சவ்வுக்கும் சவ்வுக்கும் நடுவே நீர் ஓடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய வழியில் சிறிது காரை படிந்தாலும் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

படிவது எந்த உப்பு?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு உள்ளது. இதில் பெரும்பகுதி நாம் உணவில் இடும் சோற்றுப்பு. சோற்றுப்பினால் சவ்வுக்குப் படிவுத் தொல்லை இல்லை. ஒரு லிட்டர் நீரில் 350 கிராமுக்கு மேல் அது கரையும், ஆர்.ஓ. நிலையத்தில் அந்நிலை வருவதே இல்லை. தொல்லை தருபவை, அளவில் குறைந்தும் எளிதில் கரையாதும் உள்ள உப்புகள். அவற்றுள் முதன்மையானது கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்பு. அடுத்தது கால்சியம் சல்பேட் என்னும் ஜிப்சம். சில கிணற்று நீரில் பேரியம் சல்பேட்டும், மணற்சத்தாகிய சிலிக்காவும் சேர்ந்துகொள்ளும்.

இதனைத் தூத்துக்குடி, வேதாரண்யம் பகுதிகளின் உப்பளத் தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு பிரிகிறது. நீர் மேலும் மூன்று நான்கு மடங்கு செறிவடையும்போது ஜிப்சம் படிகிறது. ஏறத்தாழ பத்து மடங்கு செறிவடைந்த பின்னரே சோற்றுப்பு விளைகிறது. வெயில் உப்பளத்தில் செய்யும் வேலையைத்தான் ஆர்.ஓ. நிலையத்தில் சவ்வு செய்கிறது. நன்னீர் பிரிந்து போகப் போக, எஞ்சிய நீர் செறிவடைகிறது. உப்பளத்தில் படிவு விளைச்சல், ஆர்.ஓ. நிலையத்தில் அதே படிவு நோய்.

வீட்டிலும் இதைக் காணலாம். வெந்நீர் அண்டாவின் அடியில் வெண்மையாகப் பற்றுவது இந்தச் சுண்ணாம்பே. சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகள், கடின நீரால் சொட்டுவான்களின் கண் அடைபடுவதையும், அதற்கு அமிலம் விட்டுக் கழுவுவதையும் அறிவார்கள். அங்கே அடைபட்ட சொட்டுவான் ஒன்றைப் பிடுங்கி மாற்றலாம். இங்கே அடைபடுவது சவ்வு முழுவதுமாகும்.

எவ்வளவு நீரை எடுக்கலாம்?

படிவைத் தடுக்கும் வழிகளில் முதலாவது, நீரை அளவோடு எடுப்பது. இதன் கணக்கு எளியது. 100 லிட்டர் நீர் உட்சென்று, 40 லிட்டர் நன்னீராக வெளிவந்தால், 100 லிட்டரின் உப்பு முழுவதும் எஞ்சிய 60 லிட்டரில் தங்கும். அது ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகச் செறிவடையும். 50 லிட்டர் எடுத்தால் இரு மடங்கு. 75 லிட்டர் எடுத்தால் நான்கு மடங்கு. 80 லிட்டர் எடுத்தால் ஐந்து மடங்கு. நன்னீர் 50லிருந்து 80 ஆகும்போது நமக்குக் கிடைக்கும் இலாபம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமே. படிவின் அபாயமோ அதைவிட விரைந்து ஏறுகிறது. மேலும், சவ்வை ஒட்டிய மெல்லிய நீர்ப் படலத்தில் செறிவு இதனினும் அதிகமாக இருக்கும். கழிவு நீரின் ஓட்டம் குறைந்தால் அந்தப் படலத்தை அலசிச் செல்லும் வேகமும் குறைகிறது. ஆகவே வால்வை இறுக்குவது இருவகையில் தீங்காகிறது.

கடல்நீர் நிலையங்களில் பொதுவாக 100க்கு 35 முதல் 45 பங்கு வரையே நன்னீராக எடுக்கிறார்கள். அதற்குமேல் எடுக்க அழுத்தம் மிக அதிகம் தேவைப்படும். இதன் காரணமாக, அங்கே ஜிப்சம் படியும் நிலை வருவது அரிது. சுண்ணாம்பையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடலோரக் கிணற்று நீரோ கடல்நீரைவிட உப்பு குறைந்தது. எனவே அதில் படிவு குறைவாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. பல கிணறுகளில் மொத்த உப்போடு ஒப்பிடுகையில் சுண்ணாம்புச் சத்து அதிகம். உப்பு குறைந்த நீராதலால் குறைந்த அழுத்தத்திலேயே 75, 80 பங்கு வரை எடுத்துவிடவும் முடியும். எடுக்க முடிவதாலேயே எடுக்கிறோம், படிவும் வருகிறது. ஆகையால் சிறு நிலையம் நடத்தும் பஞ்சாயத்துகள், பெரிய கடல்நீர் நிலையங்களைவிட இவ்விஷயத்தில் அதிக விழிப்பாக இருத்தல் வேண்டும்.

‘கழிவு நீர் வீண்’ என்ற எண்ணத்தை விட்டுவிடுக. அந்த நீரே உப்பை வெளியே சுமந்து செல்லும் வண்டி. எவ்வளவு எடுக்கலாம் என்பதை நீரின் பரிசோதனையைக் கொண்டு பொறியாளர் நிர்ணயிப்பார். அந்த அளவுக்குரிய வால்வின் நிலையில் சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடு இட்டுவைப்பது நல்லது.

நீரைப் பரிசோதித்தல்

மொத்த உப்பை அளந்தால் மட்டும் போதாது. கால்சியம், பைகார்பனேட், சல்பேட், பேரியம், சிலிக்கா, இரும்பு ஆகியவற்றையும், நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும், வெப்பநிலையையும் அறிய வேண்டும். இவற்றைக் கொண்டு, நீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா, கரைக்குமா என்று சொல்லும் குறியீட்டு எண் ஒன்றை 1936ஆம் ஆண்டில் லாங்கிலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தார். உப்பு மிகுந்த கடல்நீர் போன்றவற்றுக்கு ஸ்டிஃப், டேவிஸ் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் வகுத்த முறை பொருந்தும். எண் பூச்சியத்துக்கு மேலாயின் சுண்ணாம்பு படியும், கீழாயின் படியாது. இக்கணக்கை உள்ளே செல்லும் நீருக்கன்றி, செறிவடைந்த கழிவு நீருக்கே போட வேண்டும் என்பது முக்கியம்.

கிணற்று நீரின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆதலால் கோடையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை கழிந்தபின் ஒருமுறையும் பரிசோதிப்பது அவசியம். வெப்பம் ஏறினால் சுண்ணாம்பு கரைவது குறையும். சித்திரை, வைகாசியில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

மருந்தின் வேலை

இரண்டாவது வழி, படிவுத் தடுப்பு மருந்து. கடைகளில் ஆன்டிஸ்கேலன்ட் என்று கேட்டால் கிடைக்கும். இம்மருந்து சுண்ணாம்பை நீரிலிருந்து எடுத்துவிடுவதில்லை. உப்புப் படிகம் தோன்றும்போது, அதன் மிகச் சிறிய முளையிலேயே இது ஒட்டிக்கொண்டு வளர விடாமல் செய்கிறது. வளர்ந்தாலும் உருக்குலைந்து, சவ்வில் பற்றாமல் நீரோடு போய்விடுகிறது. ஆகையால் மிகச் சிறிய அளவே போதும். 1930ஆம் ஆண்டுகளில் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்னும் பொருள் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாகச் சேர்த்தாலே சுண்ணாம்பைப் படியாமல் நிறுத்துவதைக் கண்டறிந்தனர். அப்பொருளில் ஒரு குறை உண்டு. கரைத்து வைத்தால் சில நாட்களில் சிதைந்து தானே படிவுக்குக் காரணமாகும். ஆதலின் அதைப் பயன்படுத்துவோர் மூன்று நாளைக்கு ஒருமுறை புதிதாகக் கரைக்க வேண்டும். இப்பொழுது பெரும்பாலும் பாஸ்போனேட், பாலிஅக்ரிலேட் வகை மருந்துகள் வழங்குகின்றன. இவை சிதையாமல் நெடுநாள் இருக்கும்.

நான் எழுதிய கேள்விக்கு இங்கே விடை கூறுவது என் கடமை. இம்மருந்தின் மூலக்கூறுகள் பெரியவை. சவ்வைக் கடவாமல் கழிவு நீரோடு வெளியேறுகின்றன. எனினும் குடிநீருக்கு உகந்தது என்று சான்று பெற்ற மருந்தையே வாங்க வேண்டும். இனிச் செலவைப் பார்ப்போம். மணிக்கு 1,000 லிட்டர் நன்னீர் தரும் நிலையம், பாதிக்குப் பாதி என்ற விகிதத்தில், மணிக்கு 2,000 லிட்டர் நீரை உட்கொள்ளும். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 20,000 லிட்டர். லிட்டருக்கு 3 மில்லிகிராம் மருந்து எனக் கொண்டால், நாளுக்கு 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம். இரண்டு கிலோவுக்கும் குறைவான மருந்துக்கு நான் இரண்டு மாதம் கேள்வி எழுதிக்கொண்டிருந்தேன். அதன் விலையாகச் சவ்வுகள் போயின. இது போன்ற சிக்கனம் வேறு எந்தப் பஞ்சாயத்திலும் நிகழலாகாது.

மருந்தை அளவுக்கு மீறி விடுவதும் தவறு. மிகுந்த மருந்தே பிசுக்காகச் சவ்வில் படியும். நீரில் இரும்போ, படிகாரத்தின் அலுமினியமோ மிஞ்சியிருந்தால் அவை மருந்தோடு கூடிக் கட்டியாகும். ஆகவே முன்வடிகட்டியில் படிகாரம் இடுவோர் அளவறிந்து இட வேண்டும்.

அமிலமும் மென்னீராக்கியும்

மூன்றாவது வழி அமிலம் சேர்த்தல். சிறிதளவு அமிலம் சேர்த்து நீரின் பி.எச். அளவைக் குறைத்தால், சுண்ணாம்பு உண்டாவதற்குக் காரணமான பைகார்பனேட், கரியமில வாயுவாக மாறிவிடுகிறது. பெரிய நிலையங்களில் இதைச் செய்வதுண்டு. கந்தக அமிலம் சேர்த்தால் சல்பேட் கூடும் என்பதையும் கருத வேண்டும். அமிலம் கையாளப் பயிற்சி பெற்றவர் இல்லாத சிறு நிலையங்களில் இம்முறை வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணறுகளில், ஆர்.ஓ. பொறிக்கு முன்னால் மென்னீராக்கி அமைக்கலாம். அதிலுள்ள குருணைகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சோற்றுப்புக் கரைசலால் அவற்றை மீண்டும் புதுப்பிக்கலாம். கடல்நீருக்கு இது பயன்படாது. கால்சியம், மக்னீசியம் இரண்டும் அதில் மிக அதிகம்.

நிறுத்தும்போது கவனம்

மின்சாரம் நின்றாலும், இயக்குநர் தாமே நிறுத்தினாலும், செறிவடைந்த நீர் சவ்வின் நடுவே தேங்கி நிற்கும். மருந்து படிவைத் தாமதப்படுத்துமே ஒழிய, என்றென்றைக்கும் தடுத்துவிடாது. ஓடும் நீரில் படியாத உப்பு, நிற்கும் நீரில் சில மணி நேரத்தில் படியும். ஆகையால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், ஏற்கெனவே எடுத்துவைத்த நன்னீரைக் குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் உள்ளே செலுத்தி அலச வேண்டும். இதற்கென ஒரு சிறு தொட்டியில் நன்னீரை ஒதுக்கி வைத்தல் அவசியம். செலவில்லாத இவ்வேலையைச் செய்யாததாலேயே பழுதாகும் சவ்வுகள் பல.

கிருமி நீக்கத்துக்காகக் கிணற்றில் குளோரின் இட்டால், அது சவ்வைச் சென்றடையுமுன் அகற்றப்பட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் வழக்கிலுள்ள பாலியமைடு சவ்வுகள் குளோரினைத் தாங்கா.

நோயை முன்னதாக அறிதல்

படிவு ஒரே நாளில் வருவதன்று. நன்னீரின் அளவு, கழிவு நீரின் அளவு, உட்செல்லும் அழுத்தம், வெளிவரும் அழுத்தம், நன்னீரின் உப்பு, நீரின் வெப்பம் என ஆறு எண்களை நாள்தோறும் ஒரு பதிவேட்டில் குறித்து வந்தால் அது தன் வரவை அறிவிக்கும். நன்னீர் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், நன்னீரின் உப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலும், இரு அழுத்தங்களின் வேறுபாடு பெருகினாலும் உடனே பொறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால், நன்னீர் நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் இயல்பாகவே குறையும். அதைப் படிவென்று மயங்கலாகாது. வெப்பத்தைக் குறிக்கச் சொல்வது இதற்காகவே.

சேறும் பாசியும் முதற்குழலில் தொடங்கும். உப்புப் படிவோ நீர் மிகவும் செறிந்திருக்கும் கடைசிக் குழலில் தொடங்கும். இவ்வேறுபாட்டால் நோய் இன்னதென்று அறியலாம். சுண்ணாம்புப் படிவு இளம் பருவத்தில் இருந்தால், நூற்றுக்கு இரண்டு பங்கு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுழலவிட்டுப் பெரும்பாலும் கரைத்துவிடலாம். முற்றிவிட்டால் கரைசல் உள்ளே நுழையவே வழியிராது. ஜிப்சம் அமிலத்தில் எளிதில் கரையாது. பேரியம் சல்பேட்டைக் கரைப்பது மிகவும் அரிது. ஆகவே காலம் தாழ்த்துதல் கூடாது.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியவை

1. நிலையத்தின் மருந்து, வடிகட்டி, பரிசோதனை ஆகியவற்றுக்கென ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுக.

2. மூன்று மாதத்துக்கு வேண்டிய மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு கேன் தீர்ந்ததும் அடுத்ததற்கு எழுதுக. கடைசிக் கேன் தீரும்வரை காத்திருத்தல் வேண்டாம்.

3. கழிவு நீர் வால்வின் நிலையைப் பொறியாளரின் எழுத்துமூலமான அனுமதியின்றி எவரும் மாற்றலாகாது. தலைவரும், அதிகாரியும் இதற்கு விலக்கல்லர்.

4. இயக்குநருக்குப் பயிற்சி அளித்து, அவர் வராத நாளுக்கு மற்றொருவரையும் பழக்குக. மருந்து தீர்ந்துவிட்டால் பொறியை நிறுத்திவிடும் அதிகாரத்தை அவருக்கு அளித்து, அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதிருங்கள்.

5. பதிவேட்டை மாதந்தோறும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வைத்துப் பார்வையிடுக. கிராம சபையிலும் அதை வாசித்துக் காட்டலாம்.

6. கழிவு நீரைக் குளத்திலோ, வயலிலோ, கிணற்றுக்கு அருகிலோ விடாதீர்கள். உப்பு மீண்டும் கிணற்றையே அடையும். பொறியாளர் குறித்த இடத்தில் அதை வெளியேற்றுக.

7. நிலையம் இருக்கிறதென்று ஊருணியையும் ஊற்றையும் கைவிடாதீர்கள். அவை நமக்கு முன்னோர் விட்டுச் சென்ற சேமிப்பு.

முடிவுரை

மேலே சொன்ன கிராமத்து நிலையம் பின்னர் என்ன ஆயிற்று என்று அறிய வாசகர்கள் விரும்புவர். கடைசியில் இருந்த சவ்வுச் சுருள்கள் இரண்டை மாற்ற நேர்ந்தது. மற்றவை அமிலக் கழுவலால் பெரும்பாலும் தேறின. வால்வில் சிவப்புக் கோடு இடப்பட்டது. இயக்குநரின் அறைச் சுவரில் பதிவேடு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டது. ஊரார் கூடி ஊற்றுகளுள் ஒன்றையும் தூர் எடுத்தனர். மருந்துப் பட்டியல் வந்தால் அதைத் தாமதியாமல் அனுப்ப வேண்டும் என்பதை என் அலுவலகத்தில் யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் பெரியோர் வாக்கு. ஏரிக் கரையைக் கட்டுவதோடு நில்லாமல், ஆண்டுதோறும் மராமத்துச் செய்து காத்தவர்கள் நம் கிராம மக்கள். அதே கண்ணோட்டத்தோடு இப்புதிய பொறியையும் பேணுவோமாயின், உவர்க்கடல் ஓரத்து ஊர்களிலும் நன்னீருக்குக் குறைவிராது. நாளொன்றுக்குச் சில நிமிடக் கவனமும், மாதத்துக்கு இரண்டு கிலோ மருந்தும் ஒரு கிராமத்தின் குடிநீரைக் காக்கும். அந்தக் கவனத்தைச் செலுத்துவது பஞ்சாயத்துகளின் கடமை. அதற்குத் தடை நேராமல் பார்த்துக்கொள்வது என் போன்ற அலுவலர்களின் கடமை.